அவசரக்காரியை எனக்குப் பிடிக்காது

முதலில் சாறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தத் தொடரைப் பார்க்கத் தொடங்கியதே ஒரு சாறிக்காகத்தான்.

2020 நவம்பர். ரொறன்ரோ திரும்பவும் பூட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பை என் கட்டிலில் இருந்தபடியே படித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் தோழி ஒருத்தி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஏதோ ஒரு விண்வெளித் தொடரில் வரும் பெண். பட்டுச் சாறி, கழுத்தில் கனத்த நகை, யாரையோ முறைத்துக்கொண்டு நிற்கிறாள். கீழே 'இது உன் அம்மம்மாதானே?' என்று எழுதியிருந்தாள்.

சின்ன வயதிலிருந்தே நான் விண்வெளிப் பைத்தியம். பார்த்த தொடர்கள் எல்லாவற்றிலும் நீலத் தோலோடு ஆட்கள் இருந்தார்கள், நெற்றியில் மேடு வைத்த ஆட்கள் இருந்தார்கள், சாறி கட்டியவர்கள் இருக்கவில்லை. அன்றிரவே 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரின் முதல் அத்தியாயத்தைப் பெரிய ரீவியில் போட்டேன். அம்மாவையும் கூப்பிட்டேன். மாமா இரவு வேலைக்குப் போகமுதல் சாப்பிட மேலே வந்திருந்தார். அவரும் கோப்பையோடு சோபாவின் ஒரு கரையில் இருந்துவிட்டார்.

தெரியாதவர்களுக்குக் கதை இதுதான். இன்னும் சில நூற்றாண்டுகள் கழித்து மனிதர்கள் மூன்றாகப் பிரிந்திருக்கிறார்கள். பூமியை ஐக்கிய நாடுகள் சபை ஆள்கிறது. செவ்வாய் தனி நாடு, பெரிய இராணுவம் வைத்திருக்கிறது. செவ்வாய்க்கு அப்பால் சிறுகோள்களிலும் நிலவுகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள் பெல்டர்கள். பூமிக்கும் செவ்வாய்க்கும் வேண்டிய பனிக்கட்டியையும் கனிமங்களையும் வெட்டி அனுப்புவது அவர்கள். ஆனால் அவர்களுக்குக் குடிக்கும் தண்ணீரும் மூச்சுவிடும் காற்றும் அளந்துதான் கிடைக்கும். ஈர்ப்பு குறைந்த இடத்தில் வளர்ந்ததால் நெடுநெடுவென்று உயரம், எலும்பு பலமில்லை. பூமிக்கு வந்தால் சொந்த உடம்பின் பாரமே அவர்களை நசுக்கும்.

அவர்களுடைய மொழியும் பல மொழிகள் கலந்த ஒன்று. நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் தொடருக்காகவே அதை உருவாக்கினார். பாதி வசனம் ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடியும். எங்கள் வீட்டுக் குசினியில் நாங்கள் கதைப்பதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாறி கட்டியவளின் பெயர் கிறிஸ்ஜென் அவசரலா. ஐ.நா.வின் உயர் அதிகாரி. அவசரலா என்பது தெலுங்குக் குடும்பப் பெயர் என்று பிறகுதான் அறிந்தேன். அம்மாவின் காதில் அது 'அவசரம்' என்றுதான் விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவள் அவசரக்காரி.

அவசரக்காரி முதலில் வீட்டில் பேரனோடு விளையாடுகிறாள். அம்மா சிரித்தார். "உவள் நல்லவள் போலை கிடக்கு." அடுத்ததாக அவள் போவது ஓர் அறைக்கு. அங்கே ஒரு பெல்டர் பெடியனைக் கொக்கிகளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். கடத்தல் செய்தான் என்று பிடித்தவன். யாரும் அவனை அடிக்கவில்லை. அடிக்கத் தேவையும் இல்லை. பூமியின் ஈர்ப்பே அவனுடைய நெஞ்சை மெல்ல மெல்ல நசுக்குகிறது. அவள் சாறித் தலைப்பு குலையாமல் அவனுக்கு முன்னால் நின்று, அமைதியான குரலில் கேள்வி கேட்கிறாள்.

நான் ரிமோட்டைத் தேடினேன். சோபா இடுக்கில் விழுந்துவிட்டிருந்தது. எடுத்து நிறுத்துவதற்குள் மாமா எழும்பிவிட்டார். கோப்பையைக் குசினியில் கழுவி வைத்தார். பிறகு பேஸ்மன்ட் படியில் இறங்கும் சத்தம் கேட்டது. கோப்பையில் பாதிச் சோறு இருந்தது என்று அம்மா அடுத்தநாள் சொன்னார். குப்பைக்குள் போட்டிருந்தாராம். எங்கள் வீட்டில் மாமா ஒரு பருக்கை சோறு எறிந்து நான் கண்டதில்லை.

மாமா 'உள்ளுக்கு இருந்தவர்' என்பது எனக்குத் தெரியும். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு வசனம் இருக்கும் என்று நினைக்கிறேன். பெரியவர்கள் அதைச் சொன்னதும் யாராவது தேத்தண்ணி போட எழும்புவார்கள். அன்றிரவு நான் அம்மாவை விடவில்லை. அம்மா சுருக்கமாகத்தான் சொன்னார். 1996இல் கொழும்பில் ஒரு லொட்ஜில் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தபோது பிடித்தார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டம். பதினான்கு மாதம். வழக்கு ஒன்றும் போடவில்லை.

பிறகு நான் தேடிப் படித்தேன். அந்தச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. 1982இல் நிரந்தரமாக்கினார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1994இல் சேர்ந்தது, அதே ஆண்டு அதற்கென்று உள்நாட்டில் ஒரு சட்டமும் இயற்றியது. ஆக மாமாவைப் பிடித்தபோது சித்திரவதை அங்கே சட்டப்படி குற்றம். தொடரிலும் ஈர்ப்புச் சித்திரவதை தடைசெய்யப்பட்டதுதான். அவசரக்காரியின் மேலதிகாரியே அதை அவளுக்கு நினைவூட்டுகிறார்.

மாமாவால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. மேல் அலுமாரியில் இருக்கும் கோப்பையை இடது கையால்தான் எடுப்பார். பக்டரியில் வந்த காயம் என்று நானாக நினைத்திருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2009 மே 10, அன்னையர் தினத்தன்று, எங்கள் சனம் கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி இருந்தபோது எனக்கு ஆறு வயது. மாமா என்னைத் தூக்கி வைத்திருந்தார். இடது தோளில். அந்தத் தோள் களைத்ததும் என்னை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே தோளில் திரும்ப ஏற்றினார். ஏன் மற்றத் தோளில் ஏற்றவில்லை என்று நான் பதினொரு வருடமாக யோசிக்கவேயில்லை.

அதனால்தான் எனக்கு அந்தப் பாத்திரத்தைப் பிடிக்காது. வில்லிகளைப் பிடிக்காமல் போவது வேறு. வில்லி ஒருத்தியை வெறுப்பதில் ஒரு சந்தோசம்கூட உண்டு. இது அப்படியில்லை. எங்களைப் போன்ற ஒருத்தி விண்வெளியில் வரவேண்டும் என்று இவ்வளவு காலம் காத்திருந்தேன். வந்தவள் கொக்கிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அதுவும் ஐ.நா.வின் பெயரில். 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது, போகவேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. அதைப் பேசாமல் எங்கள் வீட்டில் ஐ.நா. என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை.

தொடரின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் இரண்டு பேர் எழுதிய நாவல்கள்தான் மூலம். நூலக வாசலில் வைத்துத் தந்த முதல் புத்தகத்தை வாங்கி வந்து, அந்தக் காட்சி வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே வாசித்தேன். வரவில்லை. 2011இல் வந்த முதல் நாவலில் அவசரக்காரியே இல்லை. 2012இல் வந்த இரண்டாவது நாவலில்தான் வருகிறாள். ரீவிக்கு எழுதியவர்கள்தான் அவளை முன்னுக்கு இழுத்து வந்து, இப்படி ஒரு அறிமுகமும் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பவர்கள் திடுக்கிட வேண்டுமே! எனக்கு அது மலிவான வேலையாகப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

நான் தொடரை அன்றோடு விட்டிருப்பேன். விடாதவர் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கேட்டார், "உவள் அவசரக்காரி பிறகு என்ன செய்தவள்?" எனக்கு நம்ப முடியவில்லை. "அம்மா, உங்கட தம்பி சோத்தை எறிஞ்சிட்டுப் போனவர்" என்றேன். அம்மா சேலைக் கரை தைத்துக்கொண்டிருந்தவர், நிமிரவில்லை. "அவனுக்குத் தெரியாமத்தான் பாக்கோணும். அவன் வேலைக்குப் போனாப் பிறகு போடு."

அப்படியாக அந்தக் குளிர்காலம் முழுவதும் மாமாவின் கார் கிளம்பிப் போன பிறகு நானும் அம்மாவும் களவாகப் பார்த்தோம். மூன்றாவது அத்தியாயத்தில் அவசரக்காரி தன் பழைய நண்பர் ஒருவரை ஏமாற்றுகிறாள். அவர் செவ்வாய்க்கான பூமியின் தூதர், குடும்ப நண்பர். அவரிடம் நட்பாகக் கதைத்து ஒரு பொய்யை நம்பவைத்து, அதன் மூலம் தனக்கு வேண்டிய செய்தியை எடுத்துவிடுகிறாள். அவருடைய பதவி போகிறது. அவர் உயிராக நேசித்த செவ்வாயில் இனிக் கால் வைக்கவும் முடியாது. நான் ரீவியைப் பார்த்துக் கத்தினேன். அம்மா, "ஆனால் சண்டை வரேல்லைத்தானே" என்றார்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. அவளிடம் உங்களுக்கு என்னதான் பிடித்திருக்கிறது என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இந்த நாட்டிலை இருபத்திரண்டு வருசம் வேலை செய்யிறன். கூட்டத்திலை நான் வாய் திறந்தா ஆரோ தண்ணி எடுக்க எழும்புவினம். என்னைப் போலை ஒருத்தி கதைக்க, மேசை முழுக்கப் பேசாமல் இருந்து கேக்கிறதை நான் இதிலைதான் பாக்கிறன்."

"அவள் சித்திரவதை செய்தவள், அம்மா."

"ஓம். செய்தவள். நல்லவள் எண்டு நான் சொன்னனானோ? பிடிக்கும் எண்டுதானே சொன்னனான்."

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் தமிழ் வகுப்பிலும் ஆங்கில வகுப்பிலும் படித்ததெல்லாம் ஒரு பாத்திரம் நல்லதா கெட்டதா, மாறுகிறதா இல்லையா என்றுதான். மாறினால் கூடிய புள்ளி. அம்மா அந்தக் கணக்கையே போடவில்லை.

எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது வேறொன்று. போகப் போக எனக்கும் அவளைப் பிடிக்கத் தொடங்கியது. அவள் வாயில் வரும் தூசணம் எனக்குப் பிடித்தது. தொடரை அமேசன் எடுத்த பிறகு அது இரண்டு மடங்கானது. நடிகை ஷோரே அக்தாஷ்லுவின் அந்தக் கரகரத்த குரல் பிடித்தது. அவரும் ஈரான் புரட்சிக் காலத்தில் நாட்டைவிட்டுப் போனவர்தான். ஐந்தாம் சீசனில் அவசரக்காரியின் கணவர் அர்ஜுன் இல்லாமல் போனபோது நான் அழுதேன். அழுதுகொண்டே எனக்குக் கோபம் வந்தது. ஆறு சீசனிலும் அந்தக் கொக்கிகளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கதைத்து நான் கேட்கவில்லை. அவள் தனக்குப் பிடித்தவர்களை ஒவ்வொருவராக இழக்கிறாள், நாங்கள் பாவம் என்கிறோம், அவ்வளவுதான்.

நான்காம் சீசனில் அவள் ஐ.நா.வின் தலைவி. புதிய உலகங்களுக்குப் போகும் வழி திறந்திருக்கிறது, அவள் போர்க்கப்பல்களை வைத்து அதை மறிக்கிறாள். இடமில்லாமல் அலைந்த பெல்டர்களின் கப்பல் ஒன்று மறியலைத் தாண்டிப் போய் ஒரு கிரகத்தில் இறங்கிவிடுகிறது. பின்னால் அனுமதிப் பத்திரத்தோடு ஒரு பூமிக் கம்பனி வந்து 'இது எங்கள் இடம்' என்கிறது. அம்மா அன்று அவசரக்காரியைத் திட்டினார், முதன்முறையாக. 2010 ஓகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பல் 492 பேரோடு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் ரீவி ஓயவேயில்லை. வந்தவர்களை மாதக்கணக்கில் தடுத்து வைத்தார்கள். அதில் எங்களுக்குத் தெரிந்த ஒருவரும் இருந்தார். "கப்பலிலை வாறவையை மறிக்கிறவள் எனக்கு வேண்டாம்" என்றார் அம்மா. அடுத்த வாரம் திரும்பவும் பிடித்துவிட்டது.

மார்க்கோ இனாரோஸ் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் ஏமாற்றியது போலாகும். பெல்டர்களுக்காகப் போராடுகிறேன் என்று வரும் அழகான, நன்றாகப் பேசத் தெரிந்த தலைவன். பூமிமேல் விண்கற்களை எறிகிறான், இலட்சக்கணக்கில் சனம் சாகிறது. தன் மகன் ஃபிலிப்பை அவனுடைய தாயிடமிருந்து பிரித்து, சண்டைக்குள்ளேயே வளர்க்கிறான். அவசரக்காரியைப் பிடிக்காது என்று நான் வீட்டில் கத்தலாம். மார்க்கோவைப் பிடிக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் யாருக்கோ துரோகம் செய்வது போல இருந்தது. படம் அனுப்பிய அதே தோழி, 'அவன் சொல்வது சரிதானே?' என்று எழுதினாள். நான் பதில் போடவில்லை. அவன் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியைச் சொல்லித்தான் அவன் மற்றப் பாதியைச் செய்கிறான்.

மாமா எங்களைக் கண்டுபிடித்ததும் அந்தச் சீசனில்தான். பனி கொட்டிய ஓர் இரவு அவருடைய ஷிப்டை ரத்துச் செய்துவிட்டார்கள். பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். நான் ரிமோட்டை அமத்த முதல், "விடு, பாக்கட்டும்" என்று சப்பாத்துக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று பார்த்தார். திரையில் ஃபிலிப், தகப்பனுக்கு முன்னால்.

"அந்தச் சின்னனைத் தாயோடை விடச் சொல்லு" என்றார் என்னிடம். நான்தான் கதை எழுதுகிறேன் என்பது போல.

அதற்குப் பிறகு வேலை இல்லாத இரவுகளில் மாமாவும் வந்து இருந்தார். 2022 ஜனவரியில் கடைசி அத்தியாயம் வந்தபோது மூன்று பேருமாகத்தான் பார்த்தோம். ஃபிலிப் தகப்பனின் கப்பலை விட்டுப் போய்ப் பெயர் கேட்கும் இடத்தில் தாயின் பெயரைப் போட்டுக்கொள்கிறான். மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அவசரக்காரி கடைசி வரையும் சாறியோடு நின்றாள். முடிந்ததும் பெயர்கள் ஓடின. எல்லாம் இங்கே, ரொறன்ரோவில், ஏரிக்கரைப் பக்கம் உள்ள பைன்வுட் ஸ்டூடியோவில் எடுத்தது என்று சொன்னேன். ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணித்தியாலம்.

"அந்த அறையுமோ?" என்று கேட்டார் மாமா.

எந்த அறை என்று எனக்கு உடனே விளங்கியது. அம்மா தேத்தண்ணி போட எழும்பினார். எழும்பியவர் திரும்ப இருந்துவிட்டார்.

"அதுவும் இஞ்சைதான் எண்டு நினைக்கிறன், மாமா."

"அந்தப் பெடியன் பிறகு எங்கை போனவன்?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு சீசன், அறுபத்திரண்டு அத்தியாயம். அவசரக்காரியின் கணவர், மகன், பேரன், அவள் தோற்ற தேர்தல் எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தப் பெடியனின் பெயர்கூட என் வாயில் வரவில்லை. அவனுக்காகத்தான் அவளை வெறுத்தேன் என்று ஒரு வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

அன்றிரவு தனியே இருந்து முதல் இரண்டு அத்தியாயங்களையும் திரும்பப் பார்த்தேன். அடுத்தநாள் மாமா சாப்பிட மேலே வந்தபோது சொன்னேன். "அவனை நிலவுக்குக் கொண்டுபோகச் சொன்னவை, மாமா. போற வழியிலை செத்திட்டான்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நிலவிலை பாரம் குறைவெல்லே?"

"ஓம். இஞ்சையிலும் ஆறிலை ஒரு பங்குதான்."

"போய்ச் சேர்ந்திருந்தா கொஞ்சம் மூச்சு விட்டிருப்பான்" என்றார். பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.